அந்தத் தும்பி எந்தத் தும்பி?

கேள்வி: ஒரு படத்தையோ பாட்டையோ அளவுக்கு மீறி ஆராய்வதில் அப்படி என்ன ஆனந்தம்? பார்த்தோம், ரசித்தோம் என்று விட்டுவிட முடியாதா?

என்னால் முடிந்ததே இல்லை. ஒரே ஒரு காட்சியைப் பற்றி நானும் என் தாய்மாமாவும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் பேச்சு ஓயவில்லை. அந்தக் கதையையே பதிலாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். மாமா ரேடியோ செட் வைத்திருந்தார். காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி என்று எந்த விசேஷம் வந்தாலும் புளியமரத்தில் குழாயைக் கட்டிவிடுவார். விடியற்காலையில் பக்திப் பாட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கதை வசனக் கேசட். அதிகம் ஓடியது 1965இல் வந்த 'திருவிளையாடல்'. அந்தப் படத்தைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காதால் முழுவதும் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டேன்.

முழுவதும் என்று சொன்னது சரியில்லை. மாமாவின் கேசட்டில் ஓர் இடம் கெட்டிருந்தது. எப்போதோ டேப் சிக்கி, பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்ததில் ஒரு முழம் கசங்கிவிட்டது. கேசட் டேப் வினாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். ஒரு முழம் போனால் ஏறக்குறைய 10 வினாடி போச்சு. பிற்பாடு நானே போட்டுப் பார்த்த கணக்கு இது.

அந்த 10 வினாடி எங்கே விழுந்தது தெரியுமா? பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்குச் சந்தேகம். தீர்த்து வைப்பவருக்கு ஆயிரம் பொன். இறைவன் எழுதிக் கொடுத்த பாட்டோடு தருமி சபைக்குப் போகிறான். நக்கீரர் குற்றம் சொல்லி அனுப்பிவிடுகிறார். இறைவனே புலவர் வேடத்தில் நேரில் வந்து நிற்கிறார். பாட்டின் கருத்து என்ன என்று நக்கீரர் கேட்கிறார். அந்த இடத்தில்தான் எங்கள் கேசட் கரகரவென்று இரைந்துவிட்டு, அடுத்த வாதத்துக்குத் தாவிவிடும். இறைவன் சொன்ன கருத்து என்ன? மாமாவுக்குத் தெரியும். தியேட்டரில் எத்தனையோ தடவை பார்த்தவர். கேட்டால், "பாட்டு முழுசாக இருக்கிறதே மருமகளே, நீயே கண்டுபிடி" என்பார்.

பதினொன்றாம் வகுப்பில் ஊர்க் கிளை நூலகத்தில் குறுந்தொகை கிடைத்தது. இரண்டாவது பாட்டே இதுதான். எழுதியவர் பெயர் இறையனார்.

"கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி
காமம் செப்பாது கண்டது மொழிமோ
பயிலியது கெழீஇய நட்பின் மயிலியல்
செறியெயிற் றரிவை கூந்தலின்
நறியவும் உளவோநீ அறியும் பூவே"

தேனை ஆராயும் வாழ்க்கை கொண்ட தும்பியே, என் மனம் குளிரட்டும் என்று எதையும் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். இவள் கூந்தலைவிட மணக்கும் பூ உனக்குத் தெரிந்த பூக்களில் உண்டா? அவ்வளவுதான் பாட்டு. நான் மூன்று முறை படித்தேன். இயற்கை மணம் என்ற பேச்சே இதில் இல்லை. பெண்கள் எல்லாரையும் பற்றிய பேச்சும் இல்லை. ஒருவன் ஒருத்தியைப் பற்றி ஒரு வண்டிடம் கேட்கிறான். அதுவும் தீர்ப்பாக இல்லை, கேள்வியாக இருக்கிறது.

சைக்கிளை மிதித்து மாமா வீட்டுக்கு ஓடினேன். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பற்றுக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு முறை படி" என்றார். படித்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு அந்த 10 வினாடியைத் தன் வாயாலேயே சொன்னார்: மங்கையர் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டு என்று இறைவன் அங்கே விளக்கம் தருகிறார்.

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம். குற்றம் பாட்டில் இல்லை, உரையில் இருக்கிறது! நக்கீரர் சொன்னதும் சரி, இறையனார் எழுதியதும் சரி. சிக்கல் முழுவதும் எங்கள் டேப் கசங்கிய அந்த ஒரு முழத்தில் இருந்திருக்கிறது. அந்தச் சாயங்காலத்தின் சந்தோஷத்தை எனக்கு வேறு எதுவும் தந்ததில்லை.

அதோடு விட்டோமா? பாட்டு பாண்டியனின் சந்தேகத்தையே தீர்க்கவில்லை என்றால் பொற்கிழியைக் கொடுத்தது முறையா என்று ஒரு வாரம் ஓடியது. அத்தையும் சேர்ந்துகொண்டார். அரைத்த சீயக்காயும் அடுப்புப் புகையும் கலந்ததுதான் கூந்தல் வாசம், ராணிக்குத் தலை தேய்த்துவிட்டிருந்தால் ராஜாவுக்குச் சந்தேகமே வந்திருக்காது என்பது அத்தையின் தீர்ப்பு. அப்புறம் தொலைக்காட்சியில் படத்தைப் பார்த்தபோது இன்னொன்று பிடிபட்டது. நக்கீரராக நடித்தவர் ஏ.பி. நாகராஜன். படத்தின் வசனமும் இயக்கமும் அவரே. இறைவனாக நிற்கும் சிவாஜிக்கு அந்த விளக்கத்தை எழுதிக் கொடுத்தவரே எதிரில் நின்று அதில் குற்றம் காண்கிறார். இதைக் கண்டுகொண்ட பிறகு அந்தக் காட்சியில் அவர் முகத்தைத் தவிர வேறு எதையும் என்னால் பார்க்க முடிவதில்லை.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தையும் புரட்டினோம். படத்தில் வரும் தருமி கதை அதில் 52ஆவது படலம், வலை வீசியது 57, விறகு விற்றது 41. தட்சன் வேள்வி மதுரையின் 64 விளையாடல்களில் சேர்த்தியே இல்லை.

ஆனால் எங்களை அதிகம் ஆட்டிவைத்தது 'அஞ்சிறை' என்ற ஒரே சொல். அம் சிறை என்று பிரித்தால் அழகிய சிறகு. 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்த உ.வே.சா. அதை உள்ளிடத்துச் சிறை என்று கொள்கிறார். வண்டுக்கு உள்ளே எப்படிச் சிறகு இருக்கும்? மாமா மறுநாள் வேலமரத்தடியில் இருந்து ஒரு பொன்வண்டைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். பச்சை மின்னும் அந்தக் கெட்டி ஓட்டை நகத்தால் மெல்லத் தூக்கிக் காட்டினார். அடியில் வெங்காயச் சருகுபோல் மெல்லிய சிறகு மடிந்து கிடந்தது. "இதோ உள்சிறகு" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சிலிர்த்தாலும் ஒத்துக்கொள்ளவில்லை. பொன்வண்டு இலை தின்னும். பூவாசம் பற்றி அதனிடம் கேட்டு என்ன பயன்? உத்தரத்து மூங்கிலைத் துளைக்கும் கருவண்டு பூப்பூவாகத் தேன் தேடும், ஆனால் அதன் சிறகுக்கு மூடி கிடையாது. ஒன்றுக்குச் சிறகு பொருந்துகிறது, வாழ்க்கை பொருந்தவில்லை. மற்றதற்கு வாழ்க்கை பொருந்துகிறது, சிறகு பொருந்தவில்லை. அம் சிறை என்று பிரித்தால் கருவண்டு ஜெயித்துவிடும் என்பது என் கட்சி. உ.வே.சா.வை விட்டுக்கொடுக்க மாமா தயாராக இல்லை.

இதைப் படித்துவிட்டு "இவ்வளவு தேவையா" என்று கேட்கத் தோன்றினால், நக்கீரரையே பாருங்கள். இறைவன் பாட்டில் குற்றம் கண்டவர் என்று நாம் அறிந்த அதே பெயரில்தான் 'இறையனார் அகப்பொருள்' என்ற நூலின் உரையும் நிற்கிறது. அந்த உரையைக் கேட்டு உருத்திரசன்மன் என்ற ஊமைப்பிள்ளை சொல்தோறும் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தான், அதனால் அதுவே மெய்யுரை என்று சங்கத்தார் ஏற்றார்கள் என்பது கதை. நெருப்பில் வெந்து பொற்றாமரைக் குளத்தில் விழுந்தவரும், வரிவரியாக விளக்கம் எழுதி ஊமையை அழவைத்தவரும் மரபில் ஒருவரே. நேசிக்காதவனுக்கு இத்தனை நுணுக்கமாகக் குற்றம் கண்ணில் படாது. என் மகன் காலப்பயணப் படங்களுக்கு நேரக்கோடு வரைந்து சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறான். நான் ஒன்றைக்கூடக் கிழிக்கச் சொன்னதில்லை.

ஆவணி மூலத் திருவிழாவில் தருமிக்குப் பொற்கிழி அருளிய லீலை நடக்கும் நாளில் மாமாவை மீனாட்சியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போவேன். கூட்டம் குறைந்ததும் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து விட்ட இடத்தில் தொடங்குவோம். இப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. காது கொஞ்சம் மந்தம்.

போன வாரம் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தார். துவரங்காட்டில் பூ எடுத்திருக்கிறதாம். பூவுக்குள்ளே கறுப்பும் சிவப்புமாக ஒரு வண்டு உட்கார்ந்திருக்கிறதாம். முதுகில் கெட்டி ஓடு, அடியில் மெல்லிய சிறகு. "மருமகளே, காமம் செப்பவில்லை, கண்டது மொழிகிறேன்" என்றார். குரலில் அவ்வளவு வெற்றி.

அது பூவையே தின்றுவிடும் வண்டு, தேனைத் தேராது என்று எனக்குத் தெரியும். போனில் சொல்லவில்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். காட்டில் வைத்தே சொல்லிக்கொள்கிறேன்.