அப்பாவுக்கும் காமாலை, பிறந்த குழந்தைக்கும் காமாலை: தொற்றியதா?

கேள்வி: 38 வாரத்தில் சுகப்பிரசவமாகி இன்றோடு 6 நாள். மூன்றாம் நாளிலிருந்து குழந்தையின் முகமும் மார்பும் மஞ்சளாக இருக்கின்றன. பிலிருபின் 14, அதில் டைரக்ட் 0.6. லைட்டில் வைக்க வேண்டியதில்லை என்கிறார் மருத்துவர். இதற்கிடையே என் கணவருக்கும் கண் மஞ்சளாகிவிட்டது, பிலிருபின் 6.8, டைரக்ட் 4.9, கல்லீரல் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 1,400. அவரிடமிருந்து குழந்தைக்குத் தொற்றியதா? தாய்ப்பாலை நிறுத்தணுமா? வெயிலில் காட்டினால் போதுமா?

பதில்: தொற்றியிருக்க வாய்ப்பில்லை. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் உடலுக்குள் போய்க் காமாலையாக வெளிப்படக் குறைந்தது இரண்டு வாரம் பிடிக்கும். உங்கள் குழந்தைக்கு மூன்றாம் நாளே மஞ்சள் வந்துவிட்டது. டைரக்ட் அளவைப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு கோளாறு என்பது அதிலேயே தெரியும். சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமியான பிலிருபினைக் கல்லீரல் நீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தில் அனுப்புகிறது. அப்படி மாற்றப்பட்டதுதான் டைரக்ட். குழந்தையின் கல்லீரல் மாற்றும் வேலையையே இன்னும் முழுதாகத் தொடங்கவில்லை. கணவருக்கோ, மாற்றியது வெளியேற முடியாமல் ரத்தத்துக்குத் திரும்புகிறது. அவருக்குச் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது அதனால்தான்.

பச்சிளம் குழந்தையின் சிவப்பணுக்கள் 70 முதல் 90 நாளில் சிதைந்துவிடும். பெரியவர்களுக்கு 120 நாள். அதனால் குழந்தைக்குப் பிலிருபின் அதிகம் உண்டாகும். பால் குறைந்து மலம் குடலில் தங்கினால் வெளியேற வேண்டிய பிலிருபின் மறுபடி ரத்தத்தில் உறிஞ்சப்படும். ஆகவே பாலை நிறுத்துவது நிலைமையை மோசமாக்கும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுங்கள், இரவிலும் எழுப்பிக் கொடுங்கள். தண்ணீரோ குளுக்கோஸோ வேண்டாம். நாளொன்றுக்கு ஆறு முறைக்குமேல் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று கொள்ளலாம்.

14 என்ற எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை. பிறந்து எத்தனை மணி நேரம், எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதையும் சேர்த்தே பார்ப்போம். பிறந்த 24 மணி நேரத்தில் இதே 14 வந்திருந்தால் உடனே லைட்டில் வைத்து, ரத்த வகைப் பொருத்தமின்மை, ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு, தொற்று என்று தேடியிருப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டும் மஞ்சளை நாங்கள் ஒருபோதும் இயல்பானதாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் மருத்துவர் சொன்னது சரி. ஆனாலும் அவர் குறித்த நாளில் மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

வெயில் வேண்டாம். மருத்துவமனை விளக்கின் நீல ஒளி, தோலில் உள்ள பிலிருபினின் வடிவத்தை மாற்றிக் கல்லீரலின் உதவியில்லாமலே வெளியேற்றுகிறது. அதில் புற ஊதாக் கதிர் இல்லை. வெயிலில் எவ்வளவு ஒளி கிடைத்தது என்று கணக்கிட முடியாது, தோல் வெந்துபோகும். திறந்த உடம்போடு காட்டினால் குழந்தை குளிர்ந்தும் போகலாம்.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் விழிக்காவிட்டாலோ, கீச்சென்று அழுது உடம்பை வில்லாக வளைத்தாலோ, உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள். பிலிருபின் மூளையில் படிந்தால் சேதம் நிரந்தரம். அதைத் தடுக்கச் சில சமயம் ரத்தத்தையே மாற்ற நேரும்.

பலர் கவனிக்காத ஒன்று மலத்தின் நிறம். பகல் வெளிச்சத்தில் டயப்பரைப் பிரித்துப் பாருங்கள். மலம் கடுகு மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் கவலையில்லை. சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தாலோ, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டாலோ பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். மஞ்சள் இரண்டு வாரம் தாண்டி நீடித்தால், குழந்தை கொழுகொழுவென்று இருந்தாலும் டைரக்ட் அளவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கணவர். எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டினால் வைரஸையோ மருந்தையோதான் முதலில் சந்தேகிப்போம். ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களுக்கான ஐ.ஜி.எம். ரத்தப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி-க்கான எச்.பி.எஸ்.ஏ.ஜி., ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர்., வயிற்று ஸ்கேன் ஆகியவை தேவை. சமீபத்தில் சாப்பிட்ட மாத்திரைகள் அத்தனையையும் சொல்லட்டும்; பாரசிட்டமால், காசநோய் மருந்து, மூலிகை எதையும் விடாமல். ஏ, ஈ என்றால் பெரும்பாலும் ஓய்விலேயே சரியாகும், பத்தியம் தேவையில்லை, மது கூடவே கூடாது. கழிப்பறை போனபின் சோப்பு போட்டுக் கை கழுவட்டும், குழந்தைக்கான எதையும் அவர் தயாரிக்க வேண்டாம். ஏ என்று உறுதியானால், இதுவரை போடாதிருந்தால், நீங்கள் தொற்றுக்கு ஆளான இரண்டு வாரத்துக்குள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பி என்றால் கர்ப்பகாலத்தில் உங்களுக்கு எடுத்த முடிவையும், குழந்தைக்குப் பிறந்தவுடன் ஊசி போட்டார்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அரிப்பும் வெளிறிய மலமும் சேர்ந்தால் பித்தக்கல், கணையம் பக்கம் பார்க்க வேண்டும். குளிர்காய்ச்சலும் வலது மேல்வயிற்று வலியும் வந்தால் அன்றே அனுமதி. மறுபரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. இறங்கியதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். ஐ.என்.ஆர். 1.5-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது எஸ்.ஜி.பி.டி. இறங்கினால், சேதமாவதற்கு மிச்சமிருக்கும் செல்கள் குறைந்துவிட்டன என்று அர்த்தம். அதோடு பேச்சு குழறுவது, பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது போன்ற மாற்றமும் தெரிந்தால் கல்லீரல் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.