பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமலிருக்க ஊர் என்ன செய்யலாம்? கேள்வி பதில்

தமிழ்நாட்டுக் கிராமங்களின் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

போன வருடம் பேரணி நடத்தினோம். பலனில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பேரணியில் நடப்பது ஏற்கெனவே பள்ளிக்கு வரும் பிள்ளைகள். வராதவர்களைக் கண்டுபிடிக்கப் பட்டியல் வேண்டும். ஏப்ரலில் தலைமையாசிரியரிடம் 5, 8, 10ஆம் வகுப்பு முடிக்கும் பெண்பிள்ளைகளின் பெயர்களை வாங்குங்கள். ஊர்ப்பள்ளி முடிந்து அடுத்த பள்ளிக்கு மாற வேண்டிய இடங்கள் இவை. கை நழுவுவதும் இங்கேதான். பள்ளி திறந்த இரண்டாவது வாரம், யார் எங்கே சேர்ந்தார்கள் என்று புதிய பள்ளியிலேயே கேட்டுச் சரிபாருங்கள். "சேர்த்தாச்சு" என்று வீட்டில் சொன்னதை மட்டும் வைத்து டிக் போடாதீர்கள்.

சேராத பிள்ளையின் வீட்டுக்கு இருவராகப் போங்கள். ஒருவர் அதே தெருப் பெண்ணாக இருக்கட்டும். அப்பாவும் வீட்டிலிருக்கும் மாலை நேரம் நல்லது. முதல் நாள் அறிவுரை வேண்டாம், தடை என்னவென்று மட்டும் கேளுங்கள். பஸ்ஸா, வயதுக்கு வந்ததா, கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லையா, மில்லுக்கு அனுப்ப புரோக்கர் முன்பணம் கொடுத்துவிட்டாரா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

பட்டியலை எந்தக் காரணத்துக்கும் கிராம சபை மைக்கில் படிக்காதீர்கள். பெயர் வெளியே வந்த குடும்பம் அடுத்த முறை கதவைத் திறக்காது.

8ஆம் வகுப்பு வரைதான் எங்கள் ஊரில். உயர்நிலைப் பள்ளி 6 கிலோமீட்டர். அரசு சைக்கிள் கிடைக்குமா?

அரசின் இலவச சைக்கிள் 11ஆம் வகுப்பில்தான். உங்கள் பிள்ளைகள் நிற்பது 9இல். அதனால் பஸ்ஸைப் பிடியுங்கள். இலவசப் பயண அட்டை இருக்கும், நேரம்தான் ஒத்துவராது. பள்ளி 4.10க்கு விடும், பஸ் 3.50க்குப் போய்விடும், அடுத்தது இருட்டிய பிறகு. புதுப் பேருந்து கேட்டால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஓடுகிற பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளிவிடச் சொல்வது எளிது. மனுவில் தடம் எண், நிறுத்தம், பள்ளி விடும் நேரம், வகுப்புவாரியாக எத்தனை பேர், எந்த நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்பவை இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகலை இணைத்துப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கொடுங்கள். அசையாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

மாதம் 1,000 ரூபாய் எங்கள் மகளுக்கு வருமா? 9ஆம் வகுப்பு படிக்கிறாள்.

அந்த 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் உயர்கல்விக்கு. இப்போது வராது.

கழிப்பறை கட்டியாகிவிட்டது. ஆனாலும் மாதம் மூன்று நாள் லீவு போடுகிறார்கள்.

சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அலுவலக அறையில் ஆண் ஆசிரியரின் மேசையில் தொங்கினால் எந்தப் பெண்ணும் கேட்கமாட்டாள். சாவி மாணவிகளிடம் இருக்கட்டும். உள்தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் மதியத்துக்கு மேலும் தண்ணீர் வருகிறதா, மூடி போட்ட குப்பைத்தொட்டி உள்ளேயே இருக்கிறதா? குழுவின் தாய்மார்கள் மாதக் கூட்டத்தன்று நேரில் போய்ப் பார்க்கட்டும்.

எங்கள் ஊரில் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று ஊர்க்கூட்டம் போட்டோம். நீங்களும் பரிந்துரைக்கலாமே?

மாட்டேன். ஊர்க்கூட்டத்துக்கு அபராதம் போடச் சட்ட அதிகாரம் கிடையாது. அந்தப் பணம் வசதியானவரைத் தொடாது, கூலிக்காரரைக் கடன்காரராக்கும்.

அதே அன்பர்: பயம் இல்லாமல் யார் கேட்பார்கள்? இந்த வருடம் ஒருவர்கூட நிறுத்தவில்லை.

நிறுத்தியதாக யாரும் *சொல்லவில்லை*. அபராதம் வந்ததும் "சித்தி வீட்டில் படிக்கிறாள்" என்ற பதில் வரும். அந்தச் சித்தி வீடு எந்த ஊர், எந்தப் பள்ளி, எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண்) அங்கே மாறியிருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மாறவில்லை என்றால் அவள் மில் விடுதியில் இருக்கலாம், கல்யாணமாகியும் இருக்கலாம். மறைக்க வைக்கும் எந்த ஏற்பாடும் பட்டியலைக் குருடாக்கிவிடும்.

இன்னொருவர்: அவர் சொல்வதும் நியாயம்தானே? கெஞ்சிக்கொண்டே இருக்க முடியுமா?

கெஞ்ச வேண்டாம். 14 வயதுக்குள் வேலைக்கு அனுப்பினாலோ 18க்குள் கட்டிக்கொடுத்தாலோ சட்டம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லலாம். ஊர் செய்ய வேண்டியது தண்டனை அல்ல, ஏற்பாடு: தெருவுக்கு ஐந்தாறு பெண்பிள்ளைகளாகச் சேர்ந்து பள்ளிக்குப் போக ஒரு குழு, வீட்டிலிருக்கும் சிறு குழந்தைக்கு அங்கன்வாடி. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. யாருக்கும் அபராதம் போட்டு அல்ல.

டி.சி. இல்லாமல் 7ஆம் வகுப்பில் சேர்க்க மறுக்கிறார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5: டி.சி. தாமதம் என்று 8ஆம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது. மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

10இல் இரண்டு பாடம் போச்சு. பிறகு எதற்கு என்கிறார் அப்பா.

முடிவு வந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். தவறிய பாடங்களுக்கு மட்டும் துணைத் தேர்வு உண்டு. தேறினால் அதே ஆண்டே 11இல் சேரலாம். விண்ணப்பிக்கும் தேதி போய்விட்டால் சும்மா இருக்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள்.

1,000 ரூபாய்க்கு எங்கே விண்ணப்பிப்பது?

உயர்கல்விக்கு மட்டும் என்று மேலே சொல்லிவிட்டேன். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில், படித்துக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்ந்தால், அங்கேயே. இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் இதுதான் பதில்.

பக்கத்துத் தெருவில் 16 வயதுப் பெண்ணுக்கு வரும் முகூர்த்தத்தில் கல்யாணம். நாங்கள் நேரில் போய்த் தடுக்கலாமா?

கூட்டமாகப் போகாதீர்கள், பெண்ணை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், உங்கள் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணின் பிறந்த தேதி, பள்ளி, கல்யாண நாள், இடம் நான்கையும் சொல்லுங்கள். பத்திரிகை அடிக்காமல் விடிகாலையில் கோயிலில் முடிப்பது வழக்கம் என்பதால் இடம் மிக முக்கியம். மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். தடுத்த மறுவாரமே அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். கஸ்தூர்பா விடுதிப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று இன்றே கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் கேட்டு வையுங்கள்.