நகையை வைத்து லேசர் மெஷின் வாங்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் என் கணவர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். முகம் பார்க்கும் கண்ணாடி, பூஜை அறைக் கதவுக் கண்ணாடி இவற்றில் லேசரால் படமும் பெயரும் பொறித்துக் கொடுக்க, 3 லட்ச ரூபாயில் ஒரு மெஷின் பார்த்திருக்கிறோம். செலவு போக ஒரு கண்ணாடிக்கு 300 ரூபாய் நிற்கும். என் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: நகையை வைக்க வேண்டாம், சகோதரி. நகைக்கடனைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் அசலும் வட்டியுமாகத் திருப்ப வேண்டும். புதுத் தொழில் அத்தனை சீக்கிரம் 3 லட்சத்தைத் திருப்பித் தராது.

மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கேட்கலாம். 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 3 லட்சத்துக்கு மூன்று வருடம் மாதத் தவணை கிட்டத்தட்ட 10,000. லேசர் டியூப் ஓட ஓடத் தேயும், ஒருநாள் மாற்றியே ஆக வேண்டும். அதற்கு மாதம் 2,000 எடுத்து வையுங்கள். ஆக 12,000. உங்கள் கணக்குப்படியே மாதம் 40 கண்ணாடி போனால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாக வரும், 41-வதிலிருந்துதான் லாபம். தை, வைகாசியில் இது நடக்கலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமும் இல்லை, புதுமனை புகுவிழாவும் இல்லை. அதனால் மூன்று தவணைப் பணம் 30,000 பேங்கில் கிடக்கட்டும்.

என்ன மெஷின் என்று நீங்கள் எழுதவில்லை. மலிவான டயோடு லேசரின் நீல ஒளி தெளிந்த கண்ணாடியில் பிடிக்காமல் ஊடுருவிப் போய்விடும், மேலே பெயின்ட் பூசித்தான் வேலை பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு ஏற்றது கார்பன்-டை-ஆக்ஸைடு லேசர். முகக்கண்ணாடியில் எழுத்தை இடவலம் திருப்பிப் போட்டு, பின்பக்கப் பூச்சைத்தான் சுரண்டி எடுப்பார்கள். ஒரு பெயர் தப்பினால் கண்ணாடியே போச்சு. டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி, பொறிக்கும்போதே நொறுங்கிவிடலாம், அந்த ஆர்டரை எடுக்காதீர்கள். பூஜை அறைக் கதவு மெஷின் மேஜையில் படுக்குமா என்று டேப் வைத்து அளந்தீர்களா? படுக்காவிட்டால் உங்கள் கணக்கில் பாதி ஆர்டர் அடிபடும்.

எனக்கு விருப்பமான வழி வேறு. மதுரையில் மெஷின் வைத்திருப்பவரிடம் மூன்று மாதம் கூலிக்குப் பொறித்து வாங்கி உங்கள் கடையில் விற்றுப் பாருங்கள். லாபம் குறையும், ஆனால் மாதம் எத்தனை போகிறது என்பது நோட்டில் எழுதியிருக்கும். அந்த நோட்டையே பேங்க் மேனேஜரிடம் காட்டலாம். மெஷினுக்கு முன்பணம் கொடுக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய், உங்கள் பெயரில் மானியக் கடன் கிடைக்குமா என்று கேளுங்கள். வாங்கிவிட்டுப் போய் நின்றால் பெரும்பாலும் மானியம் கிடைக்காது.