சரக்கு விமானமா, ரீஜனல் நிறுவனமா? இளம் விமானிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் விமானிப் பயிற்சியை முடித்து, ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டி, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று யோசிக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் இரண்டரை ஆண்டுகள் செஸ்னா கேரவன் என்ற ஒற்றை டர்பைன் எஞ்சின் சிறு விமானத்தில் தனி விமானியாகச் சரக்கு ஏற்றிப் பறந்தேன். அதன் பிறகு ரீஜனல் எனப்படும் வட்டார விமான நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, எம்ப்ரேயர் 175 விமானத்தில் துணை விமானியாக இருந்து இப்போது கேப்டனாகப் பணியாற்றுகிறேன். இரண்டு வேலைகளின் அருமையும் அலுப்பும் எனக்குத் தெரியும்.

ஃபீனிக்ஸில் பயிற்றுநராக இருப்பவர்: அண்ணா, எனக்கு 1,180 மணி ஆகிறது. 1,200 ஆனதும் சரக்கு வேலைக்குப் போய்விடலாமா, 1,500 வரை சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கலாமா?

முதலில் விதியைப் பார்ப்போம். அமெரிக்க விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஏஏயின் பகுதி 135 (சிறு விமான வாடகை, சரக்குப் பறப்புகளுக்கான) விதிகளின்படி, சரக்கு விமானத்தில் ஐஎஃப்ஆர் (மேகத்திலும் கருவிகளை நம்பிப் பறக்கும்) பயணத்துக்குத் தலைமை விமானியாக இருக்க மொத்தம் 1,200 மணியும், அதற்குள் 500 மணி கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறப்பு), 100 மணி இரவுப் பறப்பு, 75 மணி இன்ஸ்ட்ரூமென்ட் அனுபவமும் வேண்டும். ரீஜனல் நிறுவனங்கள், பெரிய விமான நிறுவனங்களுக்கான பகுதி 121இன் கீழ் இயங்குகின்றன. அங்கே துணை விமானிக்கும் ஏடிபி எனப்படும் உயர்நிலை விமானி உரிமம் கட்டாயம், அதற்கு 1,500 மணி. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் உயிரிழந்ததை அடுத்து, 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தால் வந்து 2013இல் நடைமுறையான நிபந்தனை இது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானவியல் இளங்கலை முடித்தவருக்கு 1,000 மணியும், ராணுவத்திலிருந்து வருபவருக்கு 750 மணியும் போதும். அந்தச் சலுகை உங்களுக்கு உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

இல்லையென்றால் கணக்கு போடுங்கள். காலையில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம் என்று மாதத்துக்கு 21 நாள் பறக்கும் ஃபீடர் (சிற்றூர்களுக்குச் சரக்கு எடுத்துச் செல்லும்) விமானிக்குக் கிடைப்பது 28 மணி. 300 மணி சேர ஏறக்குறைய பதினோரு மாதம் ஆகும். ஃபீனிக்ஸ் போன்ற வெயில் ஊரில் கைநிறைய மாணவர்களை வைத்திருக்கும் பயிற்றுநர் அதை நான்கைந்து மாதத்தில் முடித்துவிடுவார். ஆகவே மணி நேரம் சேர்ப்பதற்காக மட்டும் சரக்கு வேலைக்குப் போகாதீர்கள். டர்பைன் எஞ்சினைக் கையாளவும், மேகத்துக்குள் தனியாக முடிவெடுக்கவும் கற்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் போங்கள்.

டல்லாஸிலிருந்து: தனி விமானியாக, டர்பைன் விமானத்தில் தலைமை விமானியாகப் பறந்து சேர்த்த நேரம், ரீஜனலில் சீக்கிரம் கேப்டன் ஆக உதவுமா?

இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள், ஆகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பகுதி 121இல் கேப்டன் இருக்கையில் அமர, அதே பகுதியில் துணை விமானியாக 1,000 மணி வேண்டும் என்பது விதி 121.436. பயணிகளை ஏற்றும் சில வகைப் பகுதி 135 பறப்புகளில் தலைமை விமானியாக இருந்த நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். ஆனால் கேரவனில் பார்சல் ஏற்றி இரண்டாயிரம் மணி பறந்திருந்தாலும் அதிலிருந்து ஒரு மணி கூட அங்கே செல்லாது. நான் சேர்ந்த வகுப்பில், நேற்றுவரை நான்கு இருக்கை செஸ்னாவில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பையனும் நானும் அந்த ஆயிரத்தைப் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கினோம்.

சரக்கு நிறுவனங்களிலேயே ஏடிஆர் போன்ற இரு விமானி விமானங்களைப் பகுதி 121இன் கீழ் இயக்குபவை உண்டு. அங்கே துணை விமானியாகப் பறக்கும் நேரம் முழுதாகக் கணக்கில் வரும். வேலை அழைப்பு வந்தால், 'எந்த விமானம்' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'எந்தப் பகுதியின் கீழ்' என்றும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தனியாகப் பறந்தவனுக்கு எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்துவிடும் பழக்கம் ஊறிப்போயிருக்கும். சிமுலேட்டரில் என் முதல் வாரத்தில், பக்கத்தில் துணை இருப்பதையே மறந்து, அவர் இழுக்க வேண்டிய ஃபிளாப் நெம்புகோலை நானே எட்டிப் பிடித்தேன். பயிற்றுநர் சிமுலேட்டரை நிறுத்திவிட்டு, 'அவரிடம் கேளுங்கள்' என்று மட்டும் சொன்னார். அந்தப் பழக்கம் மாற எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: ஐயா, ஒஹாயோவில் இருக்கும் என் மகன் சரக்கு விமானம் ஓட்டப் போகிறேன் என்கிறான். இவ்வளவு செலவு செய்து படித்துவிட்டு மூட்டை ஏற்றவா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தரம் குறைந்த வேலையா இது?

இல்லை ஐயா. ஏற்றிச் செல்வது பார்சலாக இருந்தாலும் உரிமம், மருத்துவத் தகுதி, தேர்வு எல்லாம் எஃப்ஏஏயின் கண்டிப்புக்கு உட்பட்டவைதான். பகுதி 135இல் பயணிகள் இருந்தால் ஐஎஃப்ஆர் பயணத்துக்கு இரண்டாவது விமானியோ, அதற்கு ஈடாக ஆட்டோபைலட்டோ வேண்டும். சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் மகன் தனி ஆளாக, சில விமானங்களில் ஆட்டோபைலட் கூட இல்லாமல், மழை மேகத்துக்குள் விமானத்தைக் கையால் பிடித்துக்கொண்டு போவார். உறவினர்களிடம் தாராளமாக இதைச் சொல்லுங்கள்.

மினசோட்டாவில் பயிற்சி பெறும் ஒரு பெண்: ஃபீடர் விமானியின் ஒரு நாள் எப்படி இருக்கும்? பனிக்காலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் உங்களிடம் இருப்பது நல்லது. நள்ளிரவில் மெம்ஃபிஸ் போன்ற பெரிய மையங்களில் பார்சல்களைப் பிரித்து, விடியும் முன் ஜெட் விமானங்கள் நடுத்தர நகரங்களுக்குக் கொண்டுவரும். அங்கிருந்து சிற்றூர்களுக்கு எடுத்துச் செல்வதுதான் ஃபீடர் விமானியின் வேலை. காலை நான்கரைக்கு விமானங்கள் நிற்கும் தளமான ராம்பில் நிற்பீர்கள். சரக்கு ஏற்றும்போது பின்பாரத்தால் கேரவன் குந்திவிடாமல் இருக்க வால் பக்கத்தில் ஒரு முட்டுக்கம்பு கொடுப்பார்கள். அதை எடுத்தாயிற்றா என்று நீங்களே குனிந்து பார்ப்பீர்கள். எந்தப் பகுதியில் எத்தனை பவுண்டு என்று தாளில் எழுதி எடைச் சமநிலையைக் கணக்கிடுவீர்கள், வலை இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பீர்கள். ஏழு மணிக்குள் சிற்றூரில் இறக்கிவிட்டு, பகல் முழுவதும் ஒரு வாடகை அறையில் தூங்கியோ படித்தோ கழித்துவிட்டு, மாலையில் அதே வழியில் திரும்புவீர்கள்.

பனிக்காலத்தில் இதோடு ஏணி சேர்ந்துகொள்ளும். கேரவனின் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே நின்றபடி அதன் மேற்புறத்தைப் பார்க்க முடியாது. உறைபனிக் காலங்களில் கண்ணால் பார்ப்பது போதாது, கையாலும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று 2005இல் எஃப்ஏஏ கட்டளையிட்டது. மைனஸ் பதினைந்தில் கையுறையைக் கழற்றிவிட்டு இறக்கையின் முன்விளிம்பில் விரல்களை ஓட்டினால், விளக்கொளியில் வெறும் ஈரம் போலத் தெரிந்தது உப்புத்தாளைப் போலச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்போடு பறக்கக் கூடாது. பனியை உருக்கும் சூடான கிளைக்கால் திரவத்தை அடித்து, மறுபடியும் ஏணி ஏறித் தொட்டுப் பார்த்த பிறகுதான் எஞ்சினைத் தொட வேண்டும். காற்றிலும் கேரவன் பனியை அதிகம் தாங்காது. 2006இல் வந்த இன்னொரு கட்டளை, பனி படியும் சூழலில் வேகம் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்றும், மிதமான பனி என்றாலே வெளியேற வேண்டும் என்றும் சொன்னது. வேகம் 120ஐ நோக்கிச் சரிவதைக் கண்டால் திரும்பிவிட வேண்டும், அங்கே யோசிக்க எதுவும் இல்லை.

நியூஜெர்சியிலிருந்து: சரக்கு என்றாலே இரவு முழுக்கக் கண்விழிப்பு என்கிறார்களே?

ஃபீடர் வேலைக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. நாளின் இரு ஓரங்களிலும் வேலை, இரவு ஒன்பதுக்குப் படுத்துவிடலாம். பெரிய சரக்கு ஜெட்டுகளின் கதை வேறு. 2014 ஜனவரி முதல் பயணிகள் விமானிகளுக்குப் பகுதி 117 என்ற ஓய்வு விதி நடைமுறையில் உள்ளது. பத்து மணி நேர ஓய்வும், அதற்குள் எட்டு மணி நேரம் தூங்க வாய்ப்பும் தர வேண்டும். எந்நேரத்தில் வேலை தொடங்குகிறது என்பதைப் பொறுத்துப் பணிநேர உச்சவரம்பும் குறையும். சரக்கு நிறுவனங்களை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். அந்த விதி நடைமுறைக்கு வரும் சில மாதங்களுக்கு முன்புதான், 2013 ஆகஸ்ட் 14 அன்று விடியுமுன், அலபாமாவின் பர்மிங்ஹாமில் யூபிஎஸ் நிறுவனத்தின் 1354 சரக்கு விமானம் தரையில் மோதி இரு விமானிகளும் இறந்தார்கள்; விபத்துக்கு உடன் சேர்ந்த காரணங்களுள் ஒன்றாகக் களைப்பையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. தூக்கம் எல்லா உடலுக்கும் ஒன்றுதான். பெட்டியை ஏற்றுபவனுக்கு ஒரு விதி, ஆளை ஏற்றுபவனுக்கு ஒரு விதி என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

சியாட்டிலிலிருந்து: ஊதியம், நிலைத்தன்மை இரண்டிலும் எது மேல்?

ஊதியத்தில் இப்போது ரீஜனல்தான். 2022 ஜூனில், அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான என்வாய், பீட்மான்ட் நிறுவனங்கள் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று உயர்த்தின. மாதம் 75 மணி உத்தரவாதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 81,000 டாலர் ஆகிறது. அதோடு பணிமூப்புப் பட்டியலில் எண் கிடைக்கிறது. எந்த பேஸ் (பணி தொடங்கும் ஊர்), எந்த நாளில் விடுப்பு, எப்போது கேப்டன் என்று அனைத்தையும் அந்த எண்தான் தீர்மானிக்கும். ஓராண்டு தாமதமாகச் சேர்ந்தால் உங்களுக்கு முன்னால் சில நூறு பேர் நிற்பார்கள்.

நிலைத்தன்மையில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில் டிரான்ஸ் ஸ்டேட்ஸும் காம்பஸும் மூடின, செப்டம்பர் முடிவில் எக்ஸ்பிரஸ்ஜெட் யுனைடெட்டுக்கான பறப்பை நிறுத்தியது. அப்போது பார்சல் குவிந்து, சரக்கு விமானிகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. 2023இல் காற்று மாறி அடித்தது. சரக்கு குறைந்தது, சரக்கு நிறுவனமான ஃபெட்எக்ஸ் தன் விமானிகளிடமே ரீஜனலான பிஎஸ்ஏவில் வாய்ப்பு இருப்பதாகத் தெரிவிக்கும் நிலை வந்தது. ரீஜனல் கதவு திறந்திருக்கும்போது நுழைந்துவிடுங்கள். அது மூடியிருக்கும் காலத்தில், கை துருப்பிடிக்காமல் காத்திருக்கச் சரக்கு வேலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சான் ஹோசேயிலிருந்து, 43 வயது மென்பொருள் பொறியாளர்: எனக்கு எது ஏற்றது?

பகுதி 121இல் 65 வயதோடு பறப்பு முடிந்துவிடும். பகுதி 135 சரக்குக்கு அந்த வரம்பு கிடையாது. பெரிய நிறுவனத்து ஜெட் வரை போக விரும்பினால் உங்களிடம் 22 ஆண்டுகள்தான் இருக்கின்றன, ஆகவே நேராக ரீஜனலுக்கு. ஒரே ஊரில் குடும்பத்தோடு இருந்து பறக்க விரும்பினால் ஃபீடர் வேலையையே முழுநேர வாழ்க்கையாக வைத்துக்கொண்ட மூத்தவர்கள் உண்டு. அவர்களிடம் நான் கற்றது ஏராளம்.

சென்னையிலிருந்து: எஃப்ஏஏ உரிமம் உண்டு, அமெரிக்காவில் வேலை செய்யும் அனுமதி இல்லை. என்ன செய்யலாம்?

அனுமதி இல்லாமல் இரண்டு கதவுகளும் திறக்காது, தம்பி. உரிமத்தை இந்திய விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏயின் உரிமமாக மாற்றிக்கொண்டு அங்கேயே தேடுங்கள். இந்தியாவில் 1,500 மணி நிபந்தனை துணை விமானிக்கு இல்லை; போயிங் 757 சரக்கு விமானங்களை இயக்கும் ப்ளூ டார்ட் ஏவியேஷனின் தலைமையகம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது.

டென்வரிலிருந்து: சரக்கு நிறுவன நேர்காணலில் நான் எதைக் கேட்க வேண்டும்?

என் மூன்றாவது குளிர்காலத்தில், ஒரு டிசம்பர் மாலை, வழிநெடுக உறைதூறல் என்று வானிலை அறிக்கை சொன்னது. போகமாட்டேன் என்றேன். அடுத்த நாற்பது நிமிடத்தில் அலுவலகத்திலிருந்து மூன்று முறை தொலைபேசி வந்தது. மூன்றாவது முறை, 'இன்னொருவர் கிளம்பிவிட்டாரே' என்றார்கள். அவர் பாதி வழியில் திரும்பி வந்தார், பார்சல்கள் லாரியில் போயின. அடுத்த வாரம் என் பெயர் யாரும் விரும்பாத வழித்தடத்துக்கு மாறியிருந்தது. காரணத்தை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆகவே நேர்காணலில் இதைக் கேளுங்கள்: 'வானிலை காரணமாக உங்கள் விமானி ஒருவர் கடைசியாக எப்போது மறுத்தார், அதற்குப் பிறகு என்ன நடந்தது?' நேர்காணல் நடத்தும் நிறுவனத்தின் தலைமை விமானி தேதியோடு சொன்னால் அந்த இடத்தில் சேரலாம். எங்கள் விமானிகள் மறுத்ததே இல்லை என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். பிறகு அந்த ராம்புக்குப் போய், வேலை முடித்து இறங்கும் விமானி யாராவது ஒருவரிடம் அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.