வாப்பாவின் ரிவால்வர்: முத்திரையைப் படித்துவிட்டு ஸ்பிரிங்கைத் தேடுங்கள்

கீழக்கரை வாசகர் ஒருவரின் கேள்வி: “எங்கள் வாப்பா வியாபாரத்துக்காக உரிமம் எடுத்து வைத்திருந்த ரிவால்வர் பீரோவில் கிடக்கிறது. அவர் மௌத்தாகி ஒரு வருடம் ஆகிறது. பேரல் முன்பக்கமாக மடங்கித் திறக்கும். ஆறு குண்டு அறை. சிறகு முளைத்த தோட்டா போல ஒரு முத்திரையும் .32 என்ற எண்ணும் இருக்கின்றன. ஹேமர் தொளதொளவென்று ஆடுகிறது. இது என்ன மாடல், ஸ்பிரிங் எங்கே கிடைக்கும்?”

ஸ்பிரிங்கைவிட அவசரமானது உரிமம். உரிமதாரர் இறந்தபின் வாரிசு அந்த ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க அனுமதி கிடையாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒரு வருடம் ஏற்கெனவே போய்விட்டது. நிலையத்துக்கு முதலில் தகவல் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுவிட்டு, பழைய உரிமப் புத்தகம், இறப்புச் சான்றிதழ், மிச்சமிருக்கும் தோட்டாக்கள் அத்தனையோடும் போங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பிறகு உங்கள் பெயரில் வாரிசு உரிமம் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் அதற்கு இடம் உண்டு. கடலில் வீசிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைப்பவர்கள் நம் கரையில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆட்சியர் அலுவலகப் பதிவேட்டில் அந்த எண் அப்படியே நிற்கும். துப்பாக்கி எங்கே என்ற கேள்வி உங்களிடம்தான் வரும்.

“வேலை செய்யாத துப்பாக்கிதானே” என்ற வாதமும் செல்லாது. 45ஆம் பிரிவு விலக்கு தருவது பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு மட்டுமே. ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான்.

இனி அடையாளம். ஒப்படைக்கப் போகும்போது, அங்கே அனுமதி கேட்டு, குறிப்பு எடுத்துக்கொள்ளலாம். விரல் ட்ரிகரில் படாமல், வாய் ஆளில்லாத பக்கம் இருக்க, பேரலைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் மேல்பூட்டைத் திறந்து ஆறு அறையும் காலியா என்று பார்க்க வேண்டும். துருவால் பூட்டு திறக்கவில்லை என்றால் நெம்பவோ தட்டவோ கூடாது. உள்ளே தோட்டா இருப்பதாகவே வைத்துக்கொண்டு, அதை நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

சிறகுள்ள தோட்டா, பர்மிங்ஹாமின் வெப்லி நிறுவனத்தின் முத்திரை. பேரல் மடங்கித் திறப்பதும் வெப்லியில் உள்ள அமைப்புதான். பெயரோடு ‘அண்ட் ஸ்காட்’ சேர்ந்திருந்தால் 1897க்குப் பிந்தையது. அடுத்து, கிரீடத்தின் கீழ் உள்ள சோதனை எழுத்துகள். ‘என்பி’ என்றால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது, 1904க்குப் பிந்தையது. ‘பிஎன்பி’ என்றால் 1950களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. இரண்டும் இல்லையென்றால் புகை கக்கும் பழைய கருமருந்துக் காலத்துத் துப்பாக்கியாக இருக்கலாம்; இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. எழுத்து மங்கியிருந்தால் டார்ச்சைச் சாய்வாக அடித்து, சாக்பீஸ் தூளை லேசாகத் தடவுங்கள். உப்புத்தாள் மட்டும் கூடாது. துருவோடு சேர்ந்து வரிசை எண்ணும் தேய்ந்துபோகும். அடையாள எண்ணை அழிப்பது 8ஆம் பிரிவின்படி குற்றம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வெப்லி மார்க் 4 வகையின் .32 வடிவமாக இருக்க வாய்ப்பு அதிகம். சட்டகத்தில் ‘மார்க் 4’ என்ற எழுத்தைத் தேடுங்கள். கான்பூரில் தயாரான .32 ரிவால்வரும் இதே வடிவமைப்பை ஒட்டியதுதான், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆகவே முத்திரையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். .32 என்பது உங்களுக்கு நல்ல செய்தி. .38, .455 ரிவால்வர்கள் தடைசெய்யப்பட்ட வகையில் சேரும். அவற்றின் பாகங்களும் அப்படியே.

ஹேமர் தொளதொளவென்று ஆடினால் பெரும்பாலும் கைப்பிடிக்குள் உள்ள ‘வி’ வடிவ ஸ்பிரிங் முறிந்திருக்கும். மடிப்பு இருக்கும் இடத்தில்தான் உலோகத்துக்கு அழுத்தம் அதிகம். உப்புக்காற்றில் அங்கே ஒரு துருப்புள்ளி விழுந்தால் போதும், விரிசல் அங்கிருந்து தொடங்கும். இழுத்த ஹேமர் நிற்காமல் திரும்புகிறது என்றால் அது வேறு கோளாறு. ட்ரிகரின் நுனியோ ஹேமரின் வெட்டோ தேய்ந்திருக்கும், அல்லது அழுக்கு அடைத்திருக்கும். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் போடும் பழக்கம் உண்டு. நாளாக ஆக அது பிசினாகி ட்ரிகரை முழுதாக விழவிடாது. வெறும் பிசினுக்காகப் பாகம் மாற்றிவிடக் கூடாது என்பதால், முதலில் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாகத்தைத் தேட வேண்டியவர் நீங்கள் அல்ல. சட்டம் ஆயுதத்தின் பாகத்தையும் ஆயுதமாகவே பார்க்கிறது. இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும். வெளிநாட்டு இணையக் கடையில் நீங்களே வாங்கினால் சுங்கத்தில் மாட்டும். லேத் பட்டறையில் செய்துகொள்வது அதைவிட ஆபத்து. உரிமமில்லாமல் துப்பாக்கி பழுது பார்த்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு. மேலும் சாதாரண இரும்பில் வளைத்த ஸ்பிரிங் சில தடவையிலேயே வளைந்து நின்றுவிடும். ஸ்பிரிங் எஃகைச் சூடேற்றிப் பதம் வைத்தால்தான் அது திரும்பத் துள்ளும்.

உரிமம் கைக்கு வந்ததும், மதுரையிலோ சென்னையிலோ உள்ள உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் போங்கள். பழுது பார்க்கவும் அவருக்கு உரிமம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். விற்பனைக்கு மட்டும் வைத்திருப்பவர்களும் உண்டு. மாடல், முத்திரைகள், வரிசை எண், பேரல் நீளம், முறிந்த ஸ்பிரிங்கின் இரு துண்டு, இவ்வளவும் அவருக்கு வேண்டும். கான்பூர் ரிவால்வரின் ஸ்பிரிங்கைப் போட்டுத் தருகிறேன் என்றால் உடனே சம்மதிக்காதீர்கள். வெப்லியில் பாகங்களைக் கையால் அரம் பிடித்துப் பொருத்தியிருப்பார்கள். வடிவம் ஒத்திருந்தாலும் அப்படியே உட்காராது. பொருத்திய பின், ஹேமரை மெல்ல இழுக்கும்போது ஆறு அறையும் ஒவ்வொன்றாக முழுதாகப் பூட்டி நிற்கின்றனவா, மேல்பூட்டு அசைகிறதா என்று அவர் சோதித்துக் காட்ட வேண்டும். மேல்பூட்டு தளர்ந்திருந்தால் சுடும்போதே பேரல் திறந்துகொள்ளும்.

துப்பாக்கி திரும்ப வந்ததும் தோல் உறையில் வைக்காதீர்கள். உறை ஈரத்தைப் பிடித்து இரும்பிலேயே வைத்திருக்கும். மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு படலம், சிலிக்கா ஜெல் பொட்டலம், பூட்டிய இரும்புப் பெட்டி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாரம் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள்.