கொடிக்கு முன்னால் கை தூக்காத பையன்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். நாங்கள் வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறோம். மகன் தமிழ் மீடியத்தில் ஏழாவது படிக்கிறான். ரெண்டு வருஷமாக நாங்கள் போகிற சபையில், கொடிக்கு சல்யூட் அடிப்பதும் விக்கிரக ஆராதனைதான் என்று மூப்பர் சொல்கிறார். இந்த ஆகஸ்ட் 15 அன்று பையன் மற்றவர்களோடு எழுந்து நின்றான், ஆனால் சல்யூட் அடிக்கவில்லை, ஜன கண மன பாடவும் இல்லை. டிரில் சார் எல்லார் முன்னாலும் திட்டி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரரோ, ஒரு நிமிஷம் கையைத் தூக்கினால் என்ன குறைந்துவிடும் என்கிறார். யார் சொல்வது சரி? பள்ளியை விட்டு நீக்கிவிடுவார்களா?

பதில்: சகோதரி, உங்களுக்குத் தூக்கம் கெடுவது கடைசிக் கேள்வியால்தான் என்று தெரிகிறது, அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாடவில்லை என்பதற்காக நீக்க முடியாது. நீங்கள் கோட்டயம் பஸ் ஏறி மலை இறங்கினால், அந்த மாவட்டத்தில்தான் கிடங்கூர் இருக்கிறது. 1985 ஜூலையில் அங்கே யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு ஒழுங்காக எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கேரள உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்குத் தோல்விதான். அப்புறம் 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பளித்தது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சொன்னால் எந்த வக்கீலுக்கும் தெரியும். எழுந்து நிற்பதே மரியாதை, பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவச் சட்டம் பாடுகிறவர்களை வேண்டுமென்றே தடுப்பவரையும் குழப்பம் செய்பவரையும்தான் தண்டிக்கிறது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வழக்கு பாடுவதைப் பற்றியது, சல்யூட்டைப் பற்றியது அல்ல. ஆனாலும் நியாயம் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

சரி, இப்போது விசுவாசம். இதில் நான் உங்கள் மூப்பரோடு ஒத்துப்போகவில்லை. கனம்பண்ணுவது வேறு, ஆராதிப்பது வேறு. "தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்" என்று பேதுரு ஒரே வசனத்தில் இரண்டுக்கும் இரண்டு சொல் வைத்திருக்கிறார். ரோமாபுரியில் விசுவாசிகளிடம் கேட்கப்பட்டது எழுந்து நிற்பதை அல்ல. ராயன் என்ற ரோமப் பேரரசனின் சிலைக்கு முன்னால் தூபம் போடு, கிறிஸ்துவைச் சபித்துச் சொல் என்று கேட்டார்கள், அதற்குத்தான் அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அதே ஆட்கள்தான் அதே ராயனுக்காக ஜெபமும் செய்தார்கள். தானியேல் புத்தகத்தில் அந்த மூன்று வாலிபர்கள் சிலையை வணங்க மறுத்தார்கள், ஆனால் பாபிலோன் அரசாங்க உத்தியோகத்தை மறுக்கவில்லையே! மூவர்ணக் கொடியை யாரும் சாமி என்று சொல்வதில்லை, அதனிடம் வரம் கேட்பதுமில்லை. ஜன கண மன பாட்டில் வருகிற "பாக்ய விதாதா" யார் என்ற கேள்விக்கு, அது ஆங்கிலேய அரசர் இல்லை, காலங்காலமாக இந்த ஜனத்தின் விதியை நடத்திச் செல்கிறவரே என்று தாகூர் 1937-இல் எழுதிய ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். நான் அந்த 52 விநாடியும் கர்த்தரை நினைத்துக்கொண்டு ஜெபமாகவே பாடுகிறேன். எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

ஆனால் உறுத்தல் இருக்கிறவன் என்ன செய்வான்? எனக்கு ஆறாம் வகுப்பில் ஒரு தோழன் இருந்தான், பீருமேட்டில். ஆகஸ்ட் மாத மழை உங்களுக்குத் தெரியும், மைதானத்துப் புல் முழுக்க அட்டை. கொடி ஏறி, பூ உதிர்ந்து, பாட்டு தொடங்கியதும் நாங்கள் அத்தனை பேரும் வாய் நிறையப் பாடிக்கொண்டே ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு, குனிந்து பிய்த்து எறிந்துகொண்டு நின்றோம். அவன் வாயைத் திறக்கவில்லை, கையைத் தூக்கவில்லை. கணுக்காலில் ஒரு அட்டை கடித்து ரத்தம் வழிந்து செருப்பு வார் நனைகிறது, "ஜய ஹே" முடியும்வரை அவன் அசையவேயில்லை. அடி விழுந்தது அவனுக்குத்தான். எங்களில் ஒருவருக்கும் விழவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் உங்கள் வீட்டுக்காரரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் கையைத் தூக்கினால் என்ன குறையும் என்று பெரியவர்கள் கேட்கலாம், ஆனால் இது பாவம் என்று மனசார நம்புகிற பிள்ளையைப் பயமுறுத்தித் தூக்க வைத்தால், நாளைக்கு எதற்கும் அவன் கை தூக்குவான். ஆகவே முதலில் பையனைத் தனியாக உட்கார வைத்து, மூப்பர் திட்டுவார் என்று பயந்து நின்றானா, இல்லை அவனுக்கே அப்படித் தோன்றியதா என்று பொறுமையாகக் கேளுங்கள். மூப்பருக்குப் பயந்துதான் என்றால், சீரியா ராஜாவின் படைத்தலைவன் நாகமானின் கதையை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள் (2 இராஜாக்கள் 5). ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் என்ற அந்நிய தெய்வத்தின் கோவிலில் பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்கிறதே, கர்த்தர் மன்னிப்பாரா என்று நாகமான் கேட்டபோது, எலிசா தீர்க்கதரிசி "சமாதானத்தோடே போ" என்றுதான் சொன்னார். கோவிலுக்குள் குனிந்தவனுக்கே அந்தப் பதில் என்றால், பள்ளி மைதானத்தில் கொடிக்குக் கை தூக்குகிறவன் எதற்குப் பயப்பட வேண்டும்?

அவனுக்கே அப்படித் தோன்றியது என்றால், நீங்கள் ரெண்டு பேருமே பள்ளிக்குப் போங்கள். டிரில் சாரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம், நேராகத் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பையன் எழுந்து நிற்பான், சத்தம் போட மாட்டான், பாடுகிறவர்களைக் கேலி செய்ய மாட்டான் என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தீர்ப்பின் ஆண்டையும் வழக்கின் பெயரையும் கீழே குறித்துக் கொடுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: எங்கள் பங்கில் ஆகஸ்ட் 15 அன்று மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் சேர்ந்து வருகிறது. பீடத்தின் மேல் கொடியை விரிக்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? (பாறசாலை வாசகர்)

பதில்: வேண்டாம், தம்பி. பீடம் கர்த்தருடையது, அதன் மேல் வேறொன்றும் வேண்டாம் என்பது ஒன்று. கொடியை மேசைமேல் விரிப்பதைக் கொடி விதித்தொகுப்பும் ஏற்பதில்லை, பேச்சாளரின் மேசையைக்கூட அதால் மூடக்கூடாது என்று அதிலேயே இருக்கிறது. கோயில் முற்றத்தில் கம்பம் நட்டு, பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்ததும் ஏற்றுங்கள். உள்ளே மன்றாட்டு நேரத்தில் நாட்டுக்காகவும் ஆள்கிறவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டு சேருங்கள், அதை அந்த இளைஞர்களில் ஒருவரையே எழுதி வாசிக்கச் சொல்லுங்கள்.