யாருமே சண்டையை விரும்பாதபோதும் பகை ஏன் முற்றுகிறது?
இரு தரப்புமே போர் வேண்டாம் என்றிருந்தும் பகை ஏன் வளர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மானுடவியலாளர் கிரிகரி பேட்சன் 1930களில் நியூ கினியின் செபிக் ஆற்றங்கரையில் இயாட்முல் மக்களிடம் இதைக் கவனித்தார். ஒருவர் மார்தட்டினால் அடுத்தவர் இன்னும் உரக்க மார்தட்டுவார். உடனே முதலாமவர் குரல் மேலும் ஏறும். பிளவை வளர்ப்பது யாருடைய குணமும் அல்ல, பதிலுக்குப் பதில் என்ற அந்தச் சுற்றுதான்.

பனிப்போரைப் பாருங்கள், அங்கேயும் இதே சுற்றுதான். 1949இல் சோவியத் அணுகுண்டு, 1952இல் அமெரிக்க ஹைட்ரஜன் குண்டு, 1961இல் சோவியத்தின் 50 மெகாடன் குண்டு.

சரி, இயாட்முல் ஊர்கள் எப்படிச் சிதறாமல் இருந்தன? மருமகன் எதையாவது சாதித்தால் தாய்மாமன் அழுக்கான பெண்ணுடை உடுத்தி ஊர் நடுவே கோமாளியாகத் தடுமாறி நடப்பார். அந்தச் சடங்கு விறைப்பைத் தளர்த்தியது. சோவியத் ஏவுகணைகளால் இரு நாடுகளும் அணுப்போரின் விளிம்புக்கே போன 1962 கியூபா நெருக்கடிக்கு அப்புறம் 1963இல் வாஷிங்டனும் மாஸ்கோவும் நேரடித் தொடர்பு அமைத்துக்கொண்டதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.